அதுவா அடிச்சிடுச்சு

காசு கொடுத்து இருட்டுக்குள் நுழைந்துவிட்டு, நுழைந்த மறுகணமே அந்த இருட்டை ஒழித்துக்கட்ட முற்படுகிற அந்த மகானுபாவரை உங்களுக்கும் தெரியும். எங்கள் ஊரான கூரத்திலிருந்து விடியற்காலையில் வேன் பிடித்துக்கொண்டு, புளிசாதத் தூக்கும் பிள்ளைகுட்டிகளுமாகச் சென்னைப் பக்கத்துப் பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றுக்குப் புறப்படுகிற எந்தக் கோஷ்டியிலும் அவர் ஒருவர் இருந்தே தீருவார். வேன்காரரிடம் வாடகையைப் பேசிக் குறைப்பவரும் அவரே, வழியில் வாந்தி வருகிறதென்று சிணுங்கும் குழந்தைக்கு எலுமிச்சம்பழம் எடுத்து நீட்டுபவரும் அவரே. ஆகையால் அவரை விட்டுவிட்டுப் போவதென்பது நினைத்தும் பார்க்க முடியாத காரியம். இப்படிப்பட்ட குணவிசேஷங்கள் அவரிடம் இன்னும் பல உண்டென்றாலும், பேய் வீட்டுக்குள் வண்டி திரும்பும்போது அவருடைய கைப்பேசியிலிருந்து கிளம்புகிறதே ஒரு வெளிச்சம், அதற்கு முன்னால் அவை அத்தனையும் எனக்கு மறந்து போகின்றன.

வாசலில் பலகை இருக்கிறது. பலகையைப் படிக்காதவர்களுக்காக, இடுப்புக் கம்பியைப் பூட்டிவிடுகிற பையன் ஒவ்வொரு வரிசையிடமும், "சார், உள்ளே யாரும் பிளாஷ் போடாதீங்க" என்று வாயாலும் சொல்கிறான். அப்போது எல்லாரையும்விடப் பலமாகத் தலையை ஆட்டுகிறவர் நம்மவர்தான். ஆட்டுவதோடு நில்லாமல் பின்வரிசைப் பக்கம் திரும்பி, "கேட்டுக்குங்கப்பா, யாரும் பிளாஷ் போடக் கூடாதாம்" என்று அந்த ஆணையைத் தம் பொறுப்பில் ஒருமுறை பிரகடனமும் செய்கிறார். வண்டி உள்ளே நுழைகிறது. கதவு மூடிக்கொள்கிறது. எங்கோ ஒரு சங்கிலி கிறீச்சிடுகிறது. குழந்தைகள் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொள்கிறார்கள். பளிச்!

"மாமா, பிளாஷ் போடாதீங்கன்னு சொன்னாங்களே!"

"நான் எங்கம்மா போட்டேன்? அதுவா அடிச்சிடுச்சு."

இந்த வாக்கியத்தை நான் நெடுநாள் ஆராய்ந்திருக்கிறேன். இதிலே குற்றம் நிகழ்ந்திருக்கிறது, ஆனால் குற்றவாளி இல்லை; கிரியை இருக்கிறது, கர்த்தா இல்லை. ஆடி மாதத்து மின்னல் ஏரிக்கரைப் பனைமரத்தின் மேல் இறங்குவதற்கு ஊர்க்காரர் எவரும் எவ்விதம் பொறுப்பில்லையோ, அவ்விதமே இந்த வெளிச்சத்துக்கும் தமக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லையென்று மனப்பூர்வமாக அவர் நம்புகிறார். இரண்டாம் முறை அது அடிப்பதற்குக் காரணம், முதல் படம் சரியாக விழவில்லை என்பது. மூன்றாம் முறை, பிளாஷை அணைத்துவிட வேண்டும் என்ற சத்சங்கற்பத்தோடு பொத்தானைத் தேடுகையில், அணைவதற்குப் பதிலாக டார்ச்சே எரிந்துவிடுகிறது. அதையும் அணைக்கத் தெரியாமல், அக்கம்பக்கத்தார் முகங்களின் மேல் ஒருமுறை சுற்றிக் காட்டி, "தம்பி, இதை எப்படிப்பா ஆப் பண்றது?" என்று முன்வரிசைப் பையனை விசாரித்து முடிப்பதற்குள், எலும்புக்கூடு, தொங்கும் தலை, சவப்பெட்டி ஆகிய மூவரும் தத்தம் தகரத்தையும் வயரையும் ஒட்டடையையும் உலகறியக் காட்டிக்கொண்டு கடந்து போய்விடுகிறார்கள்.

இருட்டு அறையில் மனிதக் கண் பழகிக்கொள்வது லேசான காரியமல்ல. விழித்திரையிலுள்ள குச்சி செல்களில் ரோடாப்சின் என்ற பொருள் மறுபடி முழுதும் ஊறுவதற்கு அரைமணி நேரம் போலப் பிடிக்கும். பேய் வீட்டு வண்டியோ சில நிமிஷங்களில் வெளியே வந்துவிடுகிறது. ஆகவே நுழைந்தவுடன் அடிக்கப்படும் ஒரே ஒரு பளிச்சு, அந்தச் சவாரி முழுவதற்கும் போதுமானது. நம்மவர் அதற்கு மேலும் அடிப்பது உபரி கைங்கரியம். இவ்வளவும் செய்து அவர் சம்பாதிப்பதுதான் என்ன? கைப்பேசியின் பிளாஷ் நாலைந்து முழங்களுக்கு அப்பால் உருப்படியாக எட்டுவதில்லை. தூரத்துப் பேய் அவர் படத்தில் விழுவதே கிடையாது; விழுவதெல்லாம் முன்வரிசைக்காரரின் பிடரியும், அதில் அன்று காலை அவசரமாகப் பூசிய பவுடரும்தான். அத்தி வரதர் 2019-இல் நாற்பது வருஷத்துக்குப் பிறகு குளத்திலிருந்து எழுந்தருளி 48 நாட்கள் சேவை சாதித்தபோதும் நம்மவர் எடுத்து வந்தது ஜனங்களின் பின்னந்தலைகளைத்தான். ஆலயங்களுக்குள் கைப்பேசி கூடாதென்று 2022 டிசம்பரில் உயர்நீதிமன்றம் உத்தரவிட்டதிலிருந்து, அந்தத் துறையில் செலவாகாமல் தேங்கிய அவருடைய உற்சாகம் முழுவதும் பேய்களின் பக்கம் பாய்ந்திருக்கிறது.

பேயைச் சிருஷ்டிப்பது எத்தனை சிரமம் என்பதை அவர் அறியார். 1862-ஆம் வருஷத்துக் கிறிஸ்துமஸ் சமயத்தில் லண்டன் ராயல் பாலிடெக்னிக்கில் பேராசிரியர் ஜான் ஹென்றி பெப்பர், மேடையின்மேல் ஒரு பெரிய கண்ணாடிப் பலகையைச் சாய்த்து நிறுத்தி, ஜனங்கள் கண்ணில் படாத மறைவிடத்தில் வெளிச்சத்திலே நின்ற நடிகரின் பிம்பத்தை அதில் விழச்செய்து, ஊடுருவித் தெரிகிற ஆவியொன்றை உலவவிட்டார். 1969-இல் டிஸ்னிலாந்தில் திறந்த ஹான்டட் மேன்ஷனில் ஆவிகள் ஜோடி ஜோடியாக நடனமாடுவதும் இதே தந்திரத்தினால்தான். பார்க்கிறவர் இருக்கும் பக்கம் இருட்டாக இருக்கிறவரையில்தான் கண்ணாடி கண்ணுக்குத் தெரியாது; அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பளிச்சு போதும், நூறு வருஷத்துக்கும் மேலான வித்தை சுத்தக் கண்ணாடியாக நின்றுவிடும். நம் தேசத்தில் 1984-இல் முதல் முப்பரிமாணப் படமான 'மை டியர் குட்டிச்சாத்தா'னைத் தயாரித்து, கொட்டகை இருட்டில் குழந்தைகளைக் கைநீட்ட வைத்த நவோதயா அப்பச்சன்தான் பின்னால் 1995-இல் தாம்பரத்துக்கு அருகே கிஷ்கிந்தா பொழுதுபோக்குப் பூங்காவையும் தொடங்கினார். அந்தக் கொட்டகையிலும் நம்மவர் இருந்திருப்பார். கைப்பேசி இல்லாத குறையைத் தீப்பெட்டியினால் தீர்த்துக்கொண்டிருப்பார்.

காணாததைக் கண்டு களிப்பது எங்கள் ஊருக்குப் புதிதன்று. ஏழாம் நூற்றாண்டில் பரமேசுவரவர்ம பல்லவன் அளித்த கூரம் செப்பேடு, இவ்வூர் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென்றே ஒரு பங்கை ஒதுக்கி வைத்திருக்கிறது. குருக்ஷேத்திரத்தைக் காதால் கேட்டே பார்த்தவர்கள் எங்கள் முன்னோர். கூரத்தாழ்வான் அவதரித்த ஸ்தலமும் இதுதான். ஆசாரியர் இராமாநுஜருக்குப் பதிலாகச் சோழன் சபைக்குப் போய்க் கண்களை இழந்த அந்த மகான், வரதராஜனிடம் பிரார்த்திக்கும்படி ஆசாரியர் பணித்தபோதும் தம் கண்ணைக் கேளாமல், தமக்குத் தீங்கிழைத்த நாலூரானுக்கு நற்கதி கேட்டார் என்று குருபரம்பரை சொல்லும். அவ்வளவு பெரிய பொறுமை பிறந்த மண்ணில் பிறந்தவர்களாயிற்றே, அதில் ஒரு திவலையாவது வண்டியில் உடன் வருகிற இவர்களிடம் இருக்காதா என்பதுதான் நம்மவரின் நம்பிக்கை போலும்.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். அவருடைய பளிச்சு, பேய் வந்தபிறகு அடிப்பதில்லை. பேய் வரப்போகிறதென்று தோன்றுகிற வளைவுக்குச் சற்று முன்பே அடிக்கிறது. இரவில் தெருக்கூத்து பார்த்துவிட்டு ஏரிக்கரை வழியாக வீடு திரும்பும்போது, நான்கு பேர் கூட இருந்தாலும் அவர் உரத்த குரலில் பாடிக்கொண்டே வருவதை நாங்கள் எல்லாரும் கேட்டிருக்கிறோம். எலும்புக்கூடு எலும்புக்கூடாக நிற்கிறவரையில் அவருக்கு நெஞ்சு படபடக்கிறது, அதுவே தகரமென்று தெரிந்துவிட்டால், "ப்பூ, இவ்வளவுதானா!" என்று சிரித்துவிடலாம். பேரப்பிள்ளைகளின் முன்னால் பயப்படக் கூடாதல்லவா, பாவம்!

பாவந்தான். ஆனால் அந்தப் பேரப்பிள்ளைகளுக்கு வேண்டியதே பயம்தான். அதற்காகத்தான் அவர்கள் ஒரு மணி நேரம் வெயிலில் வரிசையில் நின்றார்கள். பக்கத்து வீட்டுப் பெண் குழந்தை ஒருத்தி, தீபாவளிக் காசைச் சேர்த்து வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்வதற்காகவே வந்தவள், வெளியே வந்ததும் தன் தாயாரிடம், "ம்மா, வெறும் துணிம்மா" என்றாள். அவளுடைய டிக்கெட்டுப் பணத்தை அவர் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டுமென்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

வெளிவாசலில், உள்ளேயே பொருத்திய கேமரா எடுத்த படங்களைக் காட்டி விலை பேசுகிற கவுண்டர் ஒன்று இருக்கிறது. வண்டி திடீரென்று சரிகிற இடத்தில், எல்லாரும் வாயைப் பிளந்திருக்கும் தருணம் பார்த்து அது எடுக்கும். எங்கள் வரிசையின் படம் திரையில் வந்தது. இரண்டு ஓரங்களிலும் இரண்டு வாய்கள் தெரிந்தன. நடுவில், நம்மவருடைய முகமும் அவர் சம்சாரத்தின் முகமும் இருக்கவேண்டிய இடத்தில், சூரியோதயம் போல வெள்ளை வெளேரென்று ஒரு கோளம் நின்றது. நம்மவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு எங்கள் எல்லாரையும் ஒருமுறை கோபமாகத் திரும்பிப் பார்த்து, "ஏம்பா, அந்த நேரத்துல எவன் பிளாஷ் போட்டது?" என்று கேட்டார்.