கால் பிரேக்

எங்கள் ஆர்.கே.பேட்டையில் ஒருவன் மட்கார்டு இல்லாத சைக்கிளில் போனால் அதற்கு இரண்டே காரணம்தான். வாடகைக்கு எடுத்திருப்பான், இல்லையென்றால் மட்கார்டை விற்றுத் தின்றிருப்பான். இப்போது மூன்றாவது காரணம் ஒன்று சேர்ந்திருக்கிறது. சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் அக்கா மகன் எட்டாயிரம் ரூபாய் கொடுத்து அப்படியொரு சைக்கிளை வரவழைத்திருக்கிறான். மட்கார்டு மட்டுமல்ல, செயின் கவர் இல்லை, கேரியர் இல்லை, ஸ்டாண்டு இல்லை, பெல் இல்லை, கியரும் இல்லை. "ரெட்ரோ, மாமா" என்றான். எட்டாயிரம் ரொம்ப மலிவாம். இன்னும் இரண்டு சாமான் குறைந்திருந்தால் பத்தாயிரம் ஆகியிருக்குமோ என்னவோ.

எழுபதுகளில் எங்கள் கடைத்தெருவில் வாடகை மணிக்கு 25 பைசா. கடைக்காரர் புது சைக்கிள் வாங்கினால் முதல் வேலையாகக் கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றி உள்ளே வைத்துவிடுவார். பையன்கள் எப்படியும் உடைத்துக்கொண்டுதான் வருவார்கள், அந்த வேலையை நாமே பத்திரமாகச் செய்துவிடலாமே என்பது அவர் கணக்கு. பிரேக் கட்டை தேய்ந்தால் மாற்ற மாட்டார். கேட்டால், "நிக்கணும்னா இன்னாத்துக்குடா சைக்கிள் எடுக்குற?" என்பார். டயர் செருப்பைச் சக்கரத்தில் வைத்து அழுத்துவதுதான் பிரேக். செருப்பு இல்லாதவனுக்கு வேலி. சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாது என்பதால் பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்கு பெடல்தான் அடிப்போம்.

எங்கள் நைனாவின், அதாவது அப்பாவின், சைக்கிள் வேறு ரகம். அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் செய்த ஹெர்குலிஸ். ராடு பிரேக், 28 அங்குலச் சக்கரம். நெய்த லுங்கிக் கட்டுகளைக் கேரியரில் ஏற்றிக்கொண்டு போய் முதலாளியிடம் கொடுத்துவிட்டு நூலோடு திரும்புவார். கூலியில் ஏதாவது மிஞ்சிய மாதம் சைக்கிளுக்கு ஒரு நகை ஏறும். முதலில் டைனமோ. விளக்கில்லாமல் இருட்டில் போனால் போலீஸ்காரர் டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவார் என்பதால் அது ஆடம்பரத்தில் சேராது. அப்புறம் முழுச் செயின் கவர், குஞ்சம் வைத்த சீட் உறை, சக்கரத்தின் நடுவில் சுற்றிக்கொண்டே ஹப்பைத் துடைக்கும் நார்ப்பந்து. வருஷா வருஷம் பஞ்சாயத்தில் வரி கட்டி வாங்கிய வில்லையும் உண்டு. அம்மா கழுத்தில் இருந்ததைவிட அந்த சைக்கிளில் இருந்தது அதிகம் என்று அக்கா இன்றைக்கும் சொல்வாள்.

1976 அக்டோபர். தீபாவளி நெருங்கியதால் நைனா ராத்திரி பகலாகத் தறியில் இருந்த நேரம். அந்த மாதம் 21ஆம் தேதி, கலிபோர்னியாவில் டமால்பைஸ் மலைப்பக்கம் ஃபேர்ஃபாக்ஸ் ஊரருகே, வேலைவெட்டி இல்லாததுபோல் தெரிந்த சில பிள்ளைகள் ஒரு மண்பாதையில் சைக்கிள் பந்தயம் விட்டார்கள். மூன்று கிலோமீட்டரை ஒட்டிய தூரத்தில் 1,300 அடி இறக்கம். ஓட்டியவை பழைய ஷ்வின் சைக்கிள்கள். எங்கள் ஹெர்குலிஸைப் போலவே இருபது கிலோவை ஒட்டியவை. மட்கார்டு, செயின் கவர், ஸ்டாண்டு எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு அதற்குக் கிளங்கர் என்று பெயர் வைத்தார்கள். பல வண்டிகளில் கைப்பிரேக்கு கிடையாது. பெடலைப் பின்பக்கம் மிதித்தால் ஹப்புக்குள் இருக்கும் கட்டைகள் விரிந்து சக்கரத்தைப் பிடிக்கும். மலை இறங்கி முடிப்பதற்குள் உள்ளே இருக்கிற கிரீஸ் புகைந்து போய்விடும். பிரித்துத் திரும்ப அடைக்க வேண்டும். அதனாலேயே அந்தப் பந்தயத்துக்கு ரீபேக் என்று பெயர். அந்தக் கூட்டத்தில் இருந்த ஜோ ப்ரீஸ் 1977இல் சொந்தமாக ஃபிரேம் கட்டினார், கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் பின்னால் கடை போட்டார்கள், உலகத்துக்கு மவுண்டன் பைக் வந்தது.

எங்கள் வாடகைக் கடைக்காரர் செய்ததும் இதேதான். அவர்கள் மலையிலிருந்து இறங்கினார்கள், சரித்திரமாகிவிட்டது. நாங்கள் ஏரிக்கரையிலிருந்து இறங்கினோம், முட்டி பெயர்ந்தது.

அக்கா மகன் வரவழைத்ததும் இந்தக் கிளங்கர் பாணிதான், ஆனால் அதில் சாதாரணக் கைப்பிரேக்குதான் இருந்தது. கால் பிரேக் இல்லாவிட்டால் அது கிளங்கரே இல்லையாம். ஷிமானோ ஹப் ஒன்றைத் தனியாக வரவழைத்து, என்னையும் இழுத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போனான். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பெரிய சைக்கிள்னா பின்னாடி 40 கம்பி, முன்னாடி 32. இது இன்னாபா ரெண்டுங்கெட்டானா 36?" ஹப் கொஞ்சம் பருமன் என்பதால் பழைய கம்பி நீளம் அதிகமாகி ட்யூபைக் குத்தும் என்று சொல்லி, கம்பி வெட்டி, கோணல் எடுத்து, ஹப்பிலிருந்து நீளும் இரும்புக் கையை ஃபிரேமோடு பட்டி போட்டு இறுக்கினார். முடிந்ததும் வழக்கம்போலப் பெடலைப் பின்பக்கம் ஒரு சுழற்று சுழற்றினார். நின்றுவிட்டது. "ஃப்ரீவீல் ஜாமு. நான் அப்பவே சொன்னேன்" என்று மறுபடி கழற்றப் போனவரைத் தடுப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. முன்பிரேக்கை மட்டும் கழற்றக் கூடாது என்று நான் பிடிவாதமாக நின்றேன். செயின் கழன்றால் கால் பிரேக்கும் அதோடு போச்சு. செயின் கழலாத சைக்கிளை நான் இதுவரை பார்த்ததில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருத்தணிக்கு ஓட்டிக்கொண்டு போனான். மற்றவர்கள் படி ஏறி முருகனைப் பார்க்க, இவன் மலைச்சாலையில் தள்ளிக்கொண்டு ஏறினான். இறங்குவதற்காக ஏறிய பக்தன் இவன் ஒருவனாகத்தான் இருப்பான். கீழே வந்து ஹப்பைத் தொட்டிருக்கிறான், சுட்டிருக்கிறது. கொப்பளித்த விரலைப் படம் எடுத்து அனுப்பினான். மெக்கானிக் ஹப்பைப் பிரித்து, பவர்லூமுக்குப் போடுகிற கிரீஸை வழித்து அடைத்தார். கலிபோர்னியாவில் இதற்குப் பெயர் உண்டு என்று அவரிடம் சொன்னேன். "இங்க கூலி உண்டு" என்றார்.

பிறகு மழை வந்தது. சோளிங்கர் ரோட்டுச் சேறு சட்டை முதுகில் கோடு கிழித்ததும் மட்கார்டு வந்தது. பேன்ட்டைச் செயின் கடித்ததும் கவர் வந்தது. தறிச்சத்தத்தில் ஆடுகளுக்குக் காது கேட்காததால் பெல். "ஒரு மூட்டை அரிசி வைக்க எடமில்லாத சைக்கிளு இன்னாத்துக்கு?" என்று அக்கா கேட்டதும் கேரியர். பள்ளிக்கூடத்து இலவச சைக்கிளின் கேரியரே இதற்குப் பொருந்தும் என்று மெக்கானிக் கண்டுபிடித்தார். 2005-06இலிருந்து அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் தருகிறார்களே, அந்த சைக்கிள். அதில் எல்லாமே பூட்டித்தான் வரும், காசும் கிடையாது. அக்கா மகனின் பில் மட்டும் சைக்கிளின் விலையை எட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஓட்டிப் பார்த்தவர்கள் எல்லோரும் அந்தக் கால் பிரேக்கில் தடுமாறினார்கள். திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், குழித்தறியிலேயே ஆயுளைக் கழித்தவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். தெருக்கோடிவரை போய்த் திரும்பி வந்து, தான் சொன்ன இடத்தில் சொன்னபடி நிறுத்தினார். தறியில் மாற்றி மாற்றி மிதித்தே பழகிய கால். இறங்கியதும் அவருக்கு ஒரே ஒரு குறைதான்.

"தறியில கைக்கு நாடாக் கயிறாவது இருக்கும். இதுல கை சும்மா கெடக்குதே நைனா. பீடியாவது பத்த வெச்சிக்கலாம்."

"கப் ஹோல்டர் ஆர்டர் பண்ணியிருக்கேன் தாத்தா" என்றான் அக்கா மகன். "டீ வெச்சிக்கலாம்."