நின்றது யார்? தளிக் காட்டுக் கேள்வி – பதில்

(காட்டு மனிதனைப் பற்றித் தளி, ஜவளகிரி, அஞ்செட்டி, ஓசூர் பக்கத்து வாசகர்கள் கேட்டவை)

ரோஜாப் பண்ணைத் தொழிலாளி, தளி
கேள்வி: விடிகாலைப் பனியில் காட்டோரமாக இரண்டு காலில் நின்ற உருவம் ஒன்றைப் பார்த்தேன். கறுப்பு, ஆள் உயரம், உடம்பெல்லாம் முடி. வீட்டில் சிரிக்கிறார்கள். நீங்களாவது நம்புவீர்களா?

பதில்: நம்புகிறேன். நீங்கள் சொன்ன அடையாளம் அத்தனையும் கரடிக்குப் பொருந்துகிறது. கரடிக்குக் கண் மங்கல், மூக்கு கூர்மை. எதிரில் இருப்பது என்னவென்று பிடிபடாவிட்டால் பின்னங்காலில் எழுந்து நின்று காற்றை மோப்பம் பிடிக்கும். மூக்கும் வாயும் வெளிறி, முடி குறைந்திருக்கும். பனிமூட்டத்தில் சில நொடிகள் மட்டும் கண்ணில் பட்டால் முடி முளைத்த மனித முகமாகத்தான் தெரியும். நீங்கள் பார்த்தது உண்மை. அதற்கு வைத்த பெயரில்தான் பிழை. சிரித்தவர்களுக்கு இடத்தைக் காட்டிவையுங்கள், வனக்காவலரிடமும் சொல்லிவிடுங்கள். நாளைக்கு அந்த வழியாக விறகுக்குப் போகிறவர் பிழைப்பார்.

ஆடு மேய்ப்பவர், ஜவளகிரி
கேள்வி: மண்ணில் ஐந்து விரல் பதிந்த வெறுங்கால் தடம் கிடக்கிறது. மனிதக் காலா, வேறு ஏதாவதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: விரல்களைப் பாருங்கள். நம் காலில் கட்டைவிரல் உள்பக்கம் பெரிதாக நிற்கும், மற்றவை சரிந்து இறங்கும். கரடிக்கு ஐந்து விரலும் ஏறக்குறைய ஒரே வரிசை. முன்னங்கால் தடத்தில் விரல்களுக்கு வெகு முன்னே நகம் கீறிய கோடுகள் இருக்கும். பின்னங்கால் தடம் நீளமாக, குதிகாலோடு இருப்பதால் அதை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். முன்னங்கால் பதிந்த இடத்திலேயே பின்னங்காலும் விழுந்தால் இரண்டும் சேர்ந்து ஒரு ராட்சதக் காலாகத் தெரியும். அந்த ஒற்றைத் தடத்தோடு நின்றுவிடாமல் முன்னும் பின்னும் நான்கு தடங்களைத் தேடுங்கள், விடை கிடைத்துவிடும்.

இல்லத்தரசி, அஞ்செட்டி
கேள்வி: இரவில் காட்டுக்குள்ளிருந்து யாரோ மூச்சை இழுத்து உறிஞ்சுவது போலச் சத்தம் கேட்கிறது. பேய் என்கிறார் மாமியார்.

பதில்: மாமியார் காது சரியாகவே கேட்டிருக்கிறது. கரடி கரையான் புற்றைக் கிளறும்போது அப்படித்தான் சத்தம் வரும். அதற்கு மேல்வரிசையில் நடுவிலுள்ள இரண்டு முன்பற்கள் கிடையாது. நீண்ட நகத்தால் புற்றை உடைக்கும், மூச்சால் மண்ணை ஊதித் தள்ளும், மூக்குத் துளையை மூடிக்கொண்டு பல் இடைவெளி வழியாகக் கரையானை உறிஞ்சும். நூறு மீட்டருக்கு அப்பாலும் அது கேட்கும். மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள், பயம் குறையும். ஆனால் சத்தம் வரும் பக்கம் போகாமலிருக்கும் எச்சரிக்கை மட்டும் குறைய வேண்டாம்.

பள்ளி ஆசிரியர், தேன்கனிக்கோட்டை
கேள்வி: பாமர மக்கள் தவறாகப் பார்க்கலாம். படித்தவர்களுமா?

பதில்: நம் கரடிக்கு முதன்முதலில் அறிவியல் பெயர் வைத்தவரே தவறியிருக்கிறார். 1791-இல் ஆங்கிலேய விலங்கியலாளர் ஜார்ஜ் ஷா நீண்ட நகங்களையும் பல் குறையையும் பார்த்துவிட்டு, தென்னமெரிக்க மரக்கிளைகளில் தொங்கும் ஸ்லோத் இனத்தில் இதைச் சேர்த்துவிட்டார். பின்னால் வந்தவர்கள் கரடி என்று திருத்தினார்கள். இன்றும் ஆங்கிலத்தில் அதற்கு ஸ்லோத் கரடி என்றுதான் பெயர். படிப்பு இருந்தாலும் பிழை வரும். வந்த பிழையைத் திருத்திக்கொள்ளும் வழி அறிவியலில் இருக்கிறது, வதந்தியில் இல்லை.

பொறியியல் மாணவி, ஓசூர்
கேள்வி: தென்னிந்தியாவில் மனிதக் குரங்கு எப்போதாவது வாழ்ந்திருக்குமா?

பதில்: அதற்கான எலும்பு இதுவரை கிடைக்கவில்லை. இன்றைய இந்தியாவில் வாலில்லாக் குரங்கு என்றால் வடகிழக்கில் வாழும் ஹூலக் கிப்பன் மட்டும்தான். ஏறக்குறைய ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன் இமயமலை அடிவாரத்துச் சிவாலிக் குன்றுகளில் சிவாபிதிக்கஸ் போன்ற பெரிய வாலில்லாக் குரங்குகள் வாழ்ந்தன, அவற்றின் புதைபடிவங்கள் இருக்கின்றன. நம் பக்கத்தில் இருப்பவை நாட்டுக் குரங்கும் மந்தியும் தேவாங்கும். மூன்றுமே ஆள் உயரம் நிற்காது.

வேன் ஓட்டுநர், கெலமங்கலம்
கேள்வி: 2019-இல் நம் ராணுவமே பனிமனிதன் தடத்தைப் படம் போட்டதே?

பதில்: போட்டது. நேபாளத்தின் மக்காலு மலை அடிவார முகாமுக்கு அருகே ஏப்ரல் 9-ஆம் தேதி மலையேற்றக் குழு பார்த்ததாக, 32 அங்குல நீளம், 15 அங்குல அகலத் தடங்களின் படத்தை அந்த மாதக் கடைசியில் இந்திய ராணுவம் ட்விட்டரில் வெளியிட்டது. அந்த வட்டாரத்து மக்கள் கரடித் தடம் என்கிறார்கள் என்று நேபாள ராணுவத் தரப்பு சொன்னது. பனியில் பதிந்த தடம் வெயிலில் உருகி அகலும், காற்றில் ஓரம் சரியும். 1951-இல் மலையேறி எரிக் ஷிப்டன் மென்லுங் பனியாற்றில் எடுத்த புகழ்பெற்ற படத்திலிருந்தே இதே வழக்குதான் நடக்கிறது. நிறுவனம் எவ்வளவு பெரியதானாலும் தடம் தடம்தான். மலையில் பிறந்து வளர்ந்தவரிடம் முதலில் கேட்டிருந்தால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்திருக்கும்.

மருந்தாளுநர், ஓசூர்
கேள்வி: பனிமனிதனின் முடி, எலும்பு, பல் எல்லாம் அருங்காட்சியகங்களில் இருக்கிறதாமே! மரபணுச் சோதனை செய்தால் போகிறது.

பதில்: செய்தாகிவிட்டது. ஷார்லட் லிண்ட்க்விஸ்ட் தலைமையிலான குழு 2017-இல் வெளியிட்ட ஆய்வில், யெட்டி என்ற பனிமனிதனுடையவை என்று சொல்லப்பட்ட 9 மாதிரிகளைச் சோதித்தது. 8 கரடியினுடையவை, 1 நாயினுடையது. அத்தோடு நிற்காமல், இமயமலைப் பழுப்புக் கரடியின் வம்சாவளியையும் அந்த ஆய்வு தெளிவாக்கியது. கிடைக்காத மனிதனைத் தேடிப்போய், அழிந்துகொண்டிருக்கும் கரடியைப் பற்றிய அறிவோடு திரும்பினார்கள். அந்தத் தேடல் வீணாகவில்லை.

கூலித் தொழிலாளி, அந்தேவனப்பள்ளி
கேள்வி: பொய்யென்று தெரிந்த பிறகு, நம்பிய ஊருக்கு என்ன மிஞ்சும்?

பதில்: ஒரு ஊருக்குப் பள்ளிக்கூடம் மிஞ்சியது. நேபாளத்தின் கும்ஜுங் கிராமத்து மடத்தில் யெட்டியின் உச்சித்தலைத் தோல் என்று ஒன்றைப் போற்றிவந்தார்கள். 1960-இல் எட்மண்ட் ஹிலாரியின் குழு அதை ஊர்ப் பெரியவர் ஒருவரின் துணையோடு சிகாகோ, பாரிஸ், லண்டன் வரை கொண்டுபோய்க் காட்டியது. செரோ என்ற மலையாட்டின் தோலால் செய்தது என்றார்கள் வல்லுநர்கள். தோலைப் பத்திரமாக ஊரிலேயே திருப்பி ஒப்படைத்தார்கள். 1961-இல் ஹிலாரி அங்கே பள்ளி கட்டிக்கொடுத்தார், அது இன்றும் நடக்கிறது. நம்பிக்கையை அவமதிக்காமல் உண்மையைச் சொல்ல முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

கல்லூரி மாணவர், கிருஷ்ணகிரி
கேள்வி: மேகாலயாவின் மண்டே புருங்?

பதில்: காரோ மலைக்காரர்கள் சொல்லும் பெரிய, முடி நிறைந்த காட்டு மனிதன். 2008-இல் அவனுடையவை என்று கொடுக்கப்பட்ட முடிகள் சோதனைக்குப் போயின. கோரல் என்ற மலையாட்டினுடையவை என்று முடிவு வந்தது. அதே காரோ மலையில்தான் ஹூலக் கிப்பன் விடியற்காலையில் ஜோடியாகப் பாடுகிறது. இந்தியாவின் ஒரே வாலில்லாக் குரங்கு அங்கே கண்முன்னே இருக்க, இல்லாத ஒன்றுக்குத்தான் பேர் அதிகம் என்பது எனக்கு வருத்தம்.

ஈழத்து வாசகர், ஓசூர்
கேள்வி: எங்கள் இலங்கையிலும் நிட்டாவோ கதை உண்டு. கேள்விப்பட்டீர்களா?

பதில்: கேள்விப்பட்டிருக்கிறேன், கனத்த மனதோடு. மூன்று, நான்கடி உயரம், உடலெல்லாம் முடி, நீண்ட நகம், கூட்டமாக வாழ்ந்தார்கள் என்று கதை. 1886-இல் ஆங்கிலேய அதிகாரி ஹியூ நெவில் எழுதிவைத்தார். கடைசிக் கூட்டத்தை வேடர்கள் குகைக்குள் அடைத்து, வாயிலில் தீமூட்டிப் புகையால் கொன்றார்கள் என்று முடிகிறது அது. நிட்டாவோவுடையது என்று உறுதியான எலும்பு ஒன்றும் இதுவரை இல்லை. கதை எந்த அளவுக்கு உண்மையோ தெரியாது, ஆனால் அதன் உள்ளே ஓர் எச்சரிக்கை இருக்கிறது: ஒரு கூட்டத்தை அரை மனிதர் என்று சொல்லத் தொடங்கிவிட்டால் அவர்களைக் கொல்வது சுலபமாகிவிடும். நம் மலைகளில் வாழும் இருளர்களைக் ‘காட்டு மனிதர்’ என்று கேலியாகக்கூட யாரும் கூப்பிடக் கூடாது. காட்டை நம் எல்லோரையும்விட நன்றாகப் படித்தவர்கள் அவர்கள்.

தொல்லியல் ஆர்வலர், சூளகிரி
கேள்வி: கல்திட்டைகளைக் குள்ள மனிதர்கள் கட்டினார்கள் என்கிறார்களே?

பதில்: கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லச்சந்திரம் முதல் கர்நாடகத்தின் ஹிரே பெணகல் வரை பெருங்கற்காலக் கல்லறைகள் உண்டு. கன்னட நாட்டில் இவற்றை மோரியர் வீடு என்பார்கள், மோரியர் குள்ளர்கள் என்பது வழக்குக் கதை. பலகைக் கற்களால் அடைத்த சிறிய அறையைப் பார்த்தால் வீடென்று தோன்றுவது இயல்பு. அவை இறந்தவர்களுக்கு எழுப்பியவை. நம் உயரமுள்ள மனிதர்கள், இயந்திரம் இல்லாத காலத்தில், தம் மூத்தோருக்காக அவ்வளவு பெரிய கற்களை நகர்த்தினார்கள். அந்தப் பெருமையைக் குள்ளர்களுக்குத் தாரை வார்க்க வேண்டாம்.

இரவுக் காவலர், ஓசூர் சிப்காட்
கேள்வி: வாட்ஸ்அப்பில் மர்ம மனிதன் வீடியோ வருகிறது. எங்கள் குழுவில் பகிரலாமா?

பதில்: வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். 2001 மே மாதம் டெல்லியில் ‘குரங்கு மனிதன்’ பீதி கிளம்பியது. ஒருவர் சொன்ன உருவம் மற்றவர் சொன்னதோடு ஒத்துப்போகவில்லை. மொட்டை மாடியில் படுத்திருந்தவர்கள் கூச்சல் கேட்டு ஓடி விழுந்து இறந்தார்கள். குள்ளமான நாடோடிச் சாமியார் ஒருவரைக் கூட்டம் அடித்தது. கடைசியில் அப்படி ஒரு பிராணியே இல்லை, மக்கள் பீதிதான் என்று விசாரணை முடிந்தது. நம் பக்கத்திலும் நடந்திருக்கிறது: 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்குப் போன வழியில் குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்த மூதாட்டியைப் பிள்ளை பிடிப்பவர் என்று அடித்தே கொன்றார்கள். மர்ம மனிதன் யாரையும் கொன்றதில்லை, மர்ம வீடியோ கொன்றிருக்கிறது.

ஒன்பதாம் வகுப்பு மாணவி, தளி
கேள்வி: அப்படியானால் புதுக் குரங்கு எதையும் இனிமேல் கண்டுபிடிக்கவே முடியாதா?

பதில்: முடியும் அம்மா! 2005-இல் அருணாசலப் பிரதேசத்து மலைகளில் ஒரு புதிய குரங்கினம் அறிவியலுக்கு அறிமுகமானது, அருணாசல் மக்காக். அங்குள்ள மோன்பா மக்களுக்கு அது காலங்காலமாகத் தெரிந்த குரங்கு. ஆய்வாளர்கள் ஊரார் பேச்சை மதித்துக் கேட்டார்கள், மலையேறினார்கள், படமெடுத்தார்கள், மற்றக் குரங்குகளோடு ஒப்பிட்டார்கள், பிறகு எழுதினார்கள். ஊர் பேச்சு வழி காட்டியது, சான்று ஊர்ஜிதம் செய்தது. நீயும் அந்த வேலைக்கு வரலாம். முதல் படியாக ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, பார்த்த தேதி, நேரம், இடம் மூன்றையும் எழுதத் தொடங்கு.

டீக்கடைக்காரர், தளி
கேள்வி: இரவில் மரத்து மேலே இரண்டு நெருப்புக் கண் மட்டும் தெரிகிறதே?

பதில்: தேவாங்காக இருக்கலாம். உள்ளங்கையில் அடங்கும் உயிர், பூச்சி பிடித்துத் தின்னும் உழவனின் நண்பன். பெங்களூரில் இந்திய அறிவியல் கழக வளாகத்திலேயே வாழ்கிறது. மந்திரத்துக்கும் மருந்துக்கும் என்று பிடித்து வதைத்தது போதும் என்றுதான் 2022-இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில் கடவூர் தேவாங்கு சரணாலயத்தைத் தமிழக அரசு அறிவித்தது, நாட்டிலேயே முதலாவது.

ஷிப்ட் வேலைக்குப் போகிறவர், ஜவளகிரி
கேள்வி: விடியுமுன் பைக்கில் காட்டுப் பாதையில் போகிறேன். கரடி எதிரில் வந்தால்?

பதில்: தூரத்திலேயே வண்டியை நிறுத்துங்கள், விளக்கை அணைக்காதீர்கள், அது கடக்கட்டும். நடந்து போகிறவர்கள் கூட்டமாக, சத்தமாகப் பேசிக்கொண்டு போகட்டும். திடீரென்று கிட்டத்தில் ஆளைப் பார்த்துவிட்டால்தான் கரடி பாயும். குட்டியை முதுகில் சுமந்து வரும் தாயிடம் இரட்டிப்பு எச்சரிக்கை தேவை. ஓடாமல் மெல்லப் பின்வாங்குங்கள். பாய்ந்தே விட்டால் குப்புறப் படுத்துக் கழுத்தின் பின்னே கைகளைக் கோத்துக்கொள்ளுங்கள், கரடி குறிவைப்பது முகத்தையும் தலையையும்தான். கடி, கீறல் எதுவானாலும் சோப்பு போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, 108-ஐ அழையுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி கட்டாயம். நாட்டு வைத்தியம் பார்த்துக் காலம் கடத்தாதீர்கள்.

ஓய்வுபெற்ற அஞ்சல்காரர், தேன்கனிக்கோட்டை
கேள்வி: கரடி மேல் உங்களுக்கு ஏன் இவ்வளவு பரிவு?

பதில்: நாம் அதற்குச் செய்த கொடுமை அதிகம். குட்டியிலேயே பிடித்து, மூக்கில் துளைபோட்டுக் கயிறு கோத்து, பல் பிடுங்கித் தெருவில் ஆடவைத்தோம். அந்த வழக்கத்தின் கடைசிக் கரடி 2009-இல் மீட்கப்பட்டு, தளி எல்லைக்கு அப்பால் உள்ள பன்னார்கட்டா மறுவாழ்வு மையத்துக்கு வந்தது. கிட்கிந்தை என்று சொல்லப்படும் ஹம்பி வட்டாரத்தில் 1994-இல் தரோஜி கரடிச் சரணாலயம் அமைந்தது. ஜாம்பவானைக் கும்பிடும் நாட்டில் அவன் வாரிசுகளுக்கு அந்த அளவாவது இடம் கிடைத்திருக்கிறது. நம் பக்கத்துக் காவிரி வடக்கு, தெற்குச் சரணாலயங்களும் அப்படியே காக்கப்பட வேண்டும்.

பெயர் எழுதாத வாசகர், தளி
கேள்வி: ஒரே பதிலாகச் சொல்லுங்கள். காட்டு மனிதன் இருக்கிறானா, இல்லையா?

பதில்: தளிக் காட்டில் இல்லை. அவன் பெயரில் பழி சுமக்கும் கரடி இருக்கிறது, அதன் குறுக்கே நடக்கும் நீங்களும் நானும் இருக்கிறோம். அவன், கரடி, நாம் என்ற மூன்று தரப்பில் உயிரோடு இருக்கும் இரண்டைக் காப்பாற்றினால் போதும்.