சீட் நுனிப் பேர்வழிகள்

1950-களில் சான் பிரான்சிஸ்கோவில் மேயர் ஃப்ரீட்மன், ரே ரோஸன்மன் என்று இரண்டு இதய மருத்துவர்கள் சேர்ந்து கிளினிக் நடத்தி வந்தார்கள். நோயாளிகள் காத்திருக்கும் அறையில் நாற்காலிகள் நைந்துபோக, துணி மாற்றுவதற்கு ஆள் கூப்பிட்டார்கள். வந்தவருக்குத் தொழில் தெரியும். நாற்காலிகளைப் புரட்டிப் பார்த்ததுமே அவருக்கு ஆச்சரியம். முதுகு சாயும் இடமெல்லாம் வாங்கி வைத்த நாள் மாதிரியே இருக்கிறது. இருக்கையின் முன்விளிம்பும் கைப்பிடியின் நுனியும் மட்டும் கிழிந்து தொங்குகின்றன. இப்படித் தேயும் நாற்காலியை அவர் வேறெங்கும் பார்த்ததில்லை. அதை வாய்விட்டுச் சொல்லவும் செய்தார்.

டாக்டர்கள் காதில் வாங்கவில்லை. அவர்களுக்கு அவசர வேலை இருந்தது.

சில வருஷம் கழித்துத்தான் பொறி தட்டியது. இதய நோயாளிகள் நாற்காலியில் உட்காரவே இல்லை, தொற்றிக்கொண்டிருந்தார்கள். பெயர் கூப்பிட்டதும் பாய வேண்டாமா? சாய்ந்து உட்கார்ந்தால் எழுந்திருக்க அரை வினாடி கூடுதலாகச் செலவாகுமே! கொலஸ்ட்ரால், சிகரெட், ரத்த அழுத்தம் என்று எல்லாரும் தேடிக்கொண்டிருந்த காலத்தில், மனிதனின் சுபாவமே மாரடைப்புக்கு வழி போடுமோ என்று இருவரும் யோசித்தார்கள். 1959-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் கட்டுரை வெளியானது. எந்நேரமும் கடிகாரத்தோடு மல்லுக்கட்டுகிறவர்கள், எதிலும் முந்தத் துடிப்பவர்கள், சட்டென்று சினம் கொள்பவர்கள் எல்லாரும் ‘ஏ’ டைப். மற்றவர்கள் ‘பி’ டைப். இந்தப் பத்தியில் ஒரு வரியையாவது தாண்டிக் குதித்துப் படித்தவர்கள் தாங்கள் எந்த டைப் என்று தெரிந்துகொள்ளத் தனியாகப் பரிசோதனை செய்ய வேண்டியதில்லை.

ஆனால் அவர்கள் ஒரு பரிசோதனையும் வைத்திருந்தார்கள். மருத்துவ வரலாற்றில் இவ்வளவு குறும்பான பரிசோதனை வேறு இருக்குமா என்பது சந்தேகம்தான். எதிரில் உட்கார்ந்து ஒருவர் கேள்வி கேட்பார். காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள் என்பது மாதிரி, முதல் வார்த்தையிலேயே முழுசும் புரிந்துவிடுகிற கேள்வி. அதை வேண்டுமென்றே இழுப்பார். “நீங்க காலைல… வந்து… வழக்கமா… அதாவது… எத்தனை…” ‘பி’ டைப் ஆசாமி கையைக் கட்டிக்கொண்டு கேள்வி முடியும்வரை காத்திருப்பார். ‘ஏ’ டைப்புக்கு இரண்டாவது இழுவையிலேயே தாடை இறுகும், விரல் மேஜையில் தாளம் போடும், கேள்வியையும் அவரே முடித்து, பதிலையும் சொல்லி, அடுத்தது என்ன என்பதுபோல் பார்ப்பார். எழும் நேரம் ஐந்தா, ஏழா என்பதில் யாருக்கும் அக்கறை இல்லை. பதில் வந்த விதத்தைத்தான் குறித்துக்கொண்டார்கள். நம் வீடுகளில் கல்யாணமான எந்தப் பெண்ணும் இந்தப் பரிசோதனையைச் சம்பளமில்லாமல் தினமும் நடத்திக்கொண்டிருக்கிறாள்.

கணக்கர்களையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. அமெரிக்காவில் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ய ஏப்ரல் 15 கெடு. அந்தத் தேதி நெருங்க நெருங்க கணக்கர்களின் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் ஏறியது. ரத்தம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் உறைந்தது. கெடு முடிந்து பெருமூச்சு விட்டதும் இரண்டும் இறங்கின. சாப்பாட்டில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. ஜூலை கடைசி வாரத்தில் நம் ஊர் ஆடிட்டர் ஆபீஸ் பக்கம் போய்வந்தவர்களுக்கு இதில் வியப்பு இராது. அன்றைக்கு அங்கே குண்டூசி கேட்டால்கூடக் கடித்துவிடுவார்கள்.

அப்புறம் பெரிய ஆய்வு. 1960-இல் தொடங்கி, இதய நோய் இல்லாத 3,154 நடுவயது ஆண்களை எட்டரை வருஷம் பின்தொடர்ந்தார்கள். ‘ஏ’ டைப்களுக்கு இதய நோய் ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்தது. 1974-இல் இருவரும் எழுதிய புத்தகம் பிரமாதமாக விற்றது. விளைவுதான் வேடிக்கை. பயந்து திருந்துவார்கள் என்று பார்த்தால், நிர்வாகிகள் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார்கள். “நான் ஒரு ‘ஏ’ டைப்” என்று வேலைக்கான நேர்முகத் தேர்வில் மார்தட்டும் வழக்கம் வந்தது. வியாதியின் பெயரைத் தகுதியாகச் சொல்லிக்கொள்ள இவர்களால்தான் முடியும். மூல வியாதிக்காரர் யாராவது இப்படிச் செய்து பார்த்திருக்கிறோமா?

இன்னொரு கூட்டமும் மகிழ்ந்தது: சிகரெட் கம்பெனிகள். மாரடைப்புக்குச் சுபாவம் காரணம் என்றால் சிகரெட்டுக்கு நல்ல பெயர்தானே! ‘ஏ’ டைப் ஆராய்ச்சிக்கு அவை பல வருஷம் பணத்தை அள்ளிக் கொடுத்தன. கம்பெனிகளின் உள் ஆவணங்களைத் துருவி 2012-இல் சில பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் இதை வெளிச்சம் போட்டுக் காட்டினார்கள். மனசுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று யாராவது உருகி உருகிச் சொன்னால், அவருக்குப் பணம் யார் தருகிறார்கள் என்று பார்ப்பது கெட்ட பழக்கமல்ல.

1988-இல் அடுத்த அதிர்ச்சி. அதே 3,154 பேரில் இதய நோய் வந்தவர்களை மறுபடி எடுத்துப் பார்த்தபோது, நோய்க்குப் பின் அதிக காலம் பிழைத்திருந்தவர்கள் ‘ஏ’ டைப்கள். சாந்த சொரூபிகள் முன்னால் போய்விட்டார்கள். டாக்டர் சொன்ன உடற்பயிற்சியையும் பத்தியத்தையும்கூட ஒரு போட்டியாக நினைத்து முடித்துக் காட்டினார்களோ என்னவோ. பிற ஆய்வுகளிலும் இந்தக் கொள்கைக்கு அடிமேல் அடி. சல்லடையில் கடைசியாக மிஞ்சியது ஒன்றுதான். அவசரமும் ஆசையும் பெரிய குற்றவாளிகள் அல்ல. வெறுப்பும் கோபமும்தான் இதயத்தை அரிக்கின்றன. அதாவது, மேலே ஏறத் துடிப்பதில் அவ்வளவு ஆபத்தில்லை, முன்னால் ஏறுகிறவனைப் பார்த்துப் பல்லைக் கடிப்பதில் இருக்கிறது.

லண்டனிலிருந்து வந்த சேதியோ பெரிய பதவிக்காரர்களின் கௌரவத்தையே குலைப்பது. 1967 முதல் அங்கே 18,000 அரசு ஊழியர்களை ஆராய்ந்தார்கள். ‘வைட்ஹால் ஆய்வு’ என்று பெயர். எல்லாப் பொறுப்பையும் தலையில் சுமக்கும் உயரதிகாரிகளுக்குத்தான் மாரடைப்பு அதிகம் என்பது அன்றைய பொது நம்பிக்கை. கணக்கு நேர்மாறாக வந்தது. கடைநிலை ஊழியர்களின் இறப்பு விகிதம் உச்சத்தில் இருந்தவர்களைப்போல் மூன்று மடங்கு. புகைப்பழக்கம் முதலானவற்றைக் கழித்த பிறகும் வித்தியாசம் பெரிதாகவே நின்றது. வேலை எவ்வளவு என்பதைவிட, அந்த வேலையில் தனக்கு எவ்வளவு பிடி இருக்கிறது என்பது முக்கியம் என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்லின. ஆக, “எனக்கிருக்கிற டென்ஷன் உனக்குத் தெரியுமா?” என்று மேனேஜர் கத்தும்போது, யாரிடம் கத்துகிறாரோ அவருடைய பிபியை முதலில் பார்ப்பது உத்தமம்.

சரி, வைத்தியம்? இங்கேதான் ஃப்ரீட்மன் கெட்டிக்காரர். அவரும் அசல் ‘ஏ’ டைப். 55-ஆவது வயதில் மாரடைப்பும் வந்தது. ‘திருந்திக்கொண்டிருக்கும் ஏ டைப்’ என்றுதான் தன்னைச் சொல்லிக்கொண்டார். 1970-களின் கடைசியில், ஒருமுறை மாரடைப்பு வந்தவர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேரைச் சேர்த்து ஆய்வு நடத்தினார். அதில் ஒரு பகுதியினருக்குச் சுபாவத்தை மாற்ற வீட்டுப்பாடம் கொடுத்தார். சூப்பர் மார்க்கெட்டில் நீளமான வரிசையாகப் பார்த்துப் போய் நில்லுங்கள். காரை மெதுவாகப் போகிறவர்களின் தடத்தில் ஓட்டுங்கள். சாப்பிட்டதும் எழுந்து ஓடாமல் மேஜையிலேயே கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருங்கள். கைக்கடிகாரத்தைக் கழற்றி வையுங்கள். கம்பெனிகளையே கட்டி மேய்த்தவர்கள் தக்காளி வாங்கும் வரிசையில் ஒன்பதாவது ஆளாக நின்று, முன்னால் ஒரு பாட்டி சில்லறையை ஒவ்வொன்றாக எண்ணுவதைப் பல்லைக் கடிக்காமல் பார்க்க வேண்டும். ஆஞ்சியோகிராம் இதைவிடச் சுலபம் என்று சிலருக்காவது தோன்றியிருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலான தண்டனை, மார்செல் புரூஸ்ட். அவருடைய ஏழு பாக நாவலைப் படிக்கச் சொன்னார் ஃப்ரீட்மன். தூக்கம் வராமல் ஒருவர் படுக்கையில் புரளுவதிலேயே முதல் பாகத்தில் பக்கம் பக்கமாகப் போகும். சாராம்சத்தை மட்டும் ஒரு பக்கத்தில் தரச் சொல்லிப் பழகிய நிர்வாகிகளுக்கு, சாராம்சமே எடுக்க முடியாத புத்தகம்! தானும் படித்துவிட்டுத்தான் சொன்னார் என்பதால் அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை.

பலித்ததா? நாலரை வருஷ முடிவில், வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 21.2 சதவீதம் பேருக்கு மறுபடி மாரடைப்பு வந்தது. வீட்டுப்பாடமும் செய்தவர்களில் 12.9 சதவீதம்தான். ‘ஏ’ டைப் கொள்கை எத்தனை ஓட்டையாகிப் போனாலும், இந்த எண்கள் வரிசையில் நிற்பவருக்குச் சாதகமாகவே இருக்கின்றன.

ஃப்ரீட்மன் முழுசாகத் திருந்தினாரா என்பது வேறு கேள்வி. மருத்துவத்தின் பத்து மாபெரும் கண்டுபிடிப்புகளைப் பற்றி இன்னொருவரோடு சேர்ந்து எழுதிய புத்தகத்தை வெளியிட்டபோது அவருக்கு வயது 88. 2001-இல் 90 வயதில் அவர் காலமானார். அதுவரை தன் பெயரிலான ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநர் பொறுப்பை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.