அளவு எடுத்த பிறகு தையுங்கள்

கேள்வி: எங்கள் பழைய அடுக்குமாடிக் குடியிருப்பை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். கட்டத் தெரிந்தவர்கள் கட்டட்டுமே, குடியிருப்பவர்களிடம் என்ன கேட்க வேண்டியிருக்கிறது? (வாசகர், வியாசர்பாடி)

பதில்: தையற்காரர் எவ்வளவு கைதேர்ந்தவரானாலும் அளவு எடுக்காமல் ஜாக்கெட் தைத்தால் யார் போட்டுக்கொள்வது?

மீன்பாடி வண்டியை எங்கே நிறுத்துவது, கீழ்த்தளத்தில் இட்லி சுட்டுப் பிழைக்கும் அம்மாவுக்கு ஏழாவது மாடியைக் கொடுத்தால் கிரைண்டரும் பெஞ்சும் எங்கே போகும், இறந்தவரை எந்தப் படி வழியாக இறக்குவது? இதையெல்லாம் வரைபடம் போடும்போதே கேட்டால் ஒரு கோட்டை மாற்றினால் போதும். கட்டி முடித்த பிறகு கேட்டால் ஒரு சுவரையே இடிக்க வேண்டும்.

இப்படிக் கேட்டுக் கட்டிய இடம் ஒன்று உண்டு: இங்கிலாந்தின் நியூகாசிலில் பைக்கர் என்ற தொழிலாளர் பேட்டை. 1960களின் இறுதியில் அதை மாற்றிக் கட்ட வந்த கட்டடக்கலைஞர் ரால்ஃப் எர்ஸ்கின், அந்தப் பேட்டைக்குள்ளேயே, ஈமச்சடங்கு நிலையமாக இருந்த ஒரு கட்டடத்தில் அலுவலகம் திறந்தார். யாரும் உள்ளே வந்து பேசலாம். முதலில் 46 வீடுகள் மட்டும், அவற்றில் குடியேறப்போகும் குடும்பங்களோடு கலந்து பேசி எழுந்தன. இன்று பைக்கர் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இருக்கிறது. ஆனால் வேலை இழுத்துக்கொண்டே போனதில் பழைய குடிகளில் பெரும்பாலோர் திரும்பி வரவில்லை. அந்த வலியையும் மறக்கக் கூடாது.

ஆகவே, வரைபடம் முடிவாகும் முன்பே கூட்டம் நடத்தச் சொல்லிக் கேளுங்கள். பெண்களை முன்வரிசையில் உட்கார வையுங்கள். திரும்பி வரும் உரிமையை எழுத்தில் வாங்காமல் வீட்டைக் காலி செய்யாதீர்கள்.