மூன்றாவது நகலும் கட்டைவிரலும்

அழுத்தாமல் எழுதுவதே நல்ல பேனாவின் இலக்கணம். ராயபுரம் முதல் எண்ணூர் வரை லாரி செட்டிலும் ஆலை வாசலிலும் பில் போடும் குமாஸ்தாவுக்கு இந்த இலக்கணம் ஆகாது. கார்பன் வைத்த புத்தகத்தில் அழுத்தினால்தான் மூன்றாவது நகலில் லாரி நம்பர் தெரியும். ஆகவே மைப்பேனா முதல் சுற்றிலேயே வெளியே, பால்பாயின்ட்டே கதி. அதிலும் மெலிந்த பிளாஸ்டிக் பேனா கடலோர வியர்வையில் வழுக்கும், விரல் இறுக்கிப் பிடிக்கும், கட்டைவிரலடி வலிக்கும். சற்றுத் தடித்த, ரப்பர் பிடியுள்ள பேனா இதைத் தணிக்கும். விரலை மட்டும் வளைக்காமல் முன்கையையும் நகர்த்தி எழுதுவதும், இடையிடையே கையை உதறுவதும் நல்லது.

எழுத்தர்களின் கைநோவுக்கு இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாசினி 1713-லேயே மூன்று காரணங்கள் சொன்னார்: ஓயாத கையசைவு, எழாத இருக்கை, கணக்கில் பிழை வருமோ என்ற கவலை. மூன்றும் இன்றும் நல்ல நிலையில் இருக்கின்றன. நான்காவது காரணம் அவர் அறியாதது: வசதியான பேனாவை இரவல் வாங்கும் டிரைவர். மூடியைக் கையில் வைத்துக்கொண்டு பேனாவைக் கொடுப்பதே இதற்குக் கண்ட தடுப்பு முறை. அப்படியும் மேசை இழுப்பறையில் சேர்வது மூடிகள்தான்.