முதலாண்டு மாணவர் உறையுள் தேர்வு: ஒரு திணையியல் ஆய்வு

1. ஆய்வின் தேவை

எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று முடிவெடுக்கத் தமிழ்க் குடும்பங்கள் நாலைந்து ஆண்டு கட்-ஆஃப் பட்டியல்களைப் பாடபேதம் உட்பட ஒப்பிட்டு ஆராய்கின்றன. அந்தப் பிள்ளை நான்காண்டு எங்கே படுத்துறங்கும் என்ற வினாவுக்கோ, சேர்க்கை நாளன்று சான்றிதழ் சரிபார்ப்புக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் இடையே கிடைக்கும் அரைமணி நேரமே ஒதுக்கப்படுகிறது.

அந்த அரைமணிக் கள ஆய்வின் முறையியல் வருமாறு: அப்பா சுற்றுச்சுவரின் உயரத்தைக் கணிப்பார். அம்மா மெஸ்ஸின் அடுப்படியை எட்டிப் பார்ப்பார். துணைக்கு வந்த மாமா, அட்வான்ஸ் திரும்பக் கிடைக்குமா என்று விசாரிப்பார். பிள்ளை, கட்டிலுக்குக் கையெட்டும் தூரத்தில் பிளக் பாயிண்ட் உள்ளதா என்று மட்டும் பார்க்கும். நால்வரில் ஒருவரும் குழாயைத் திறந்து பார்ப்பதில்லை. இந்த இடைவெளியை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வெல்லை சென்னை மாநகரும், ‘சென்னைக்கு மிக அருகில்’ என்று விளம்பரம் செய்யப்படும் நிலப்பரப்பும்.

2. கோட்பாடு

அகப்பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்தார் தொல்காப்பியர். அவற்றுள் முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும் சேர்ந்தது. பள்ளியில் இதை மதிப்பெண்ணுக்காக எழுதிய அனைவரும், பயன்படுத்த வேண்டிய முதல் சந்தர்ப்பத்திலேயே பொழுதை மறந்துவிடுகிறார்கள். இவ்வாய்வின் கருதுகோள் எளியது: ஒரு விடுதியின் குணத்தை அதன் நிலம் பாதிகூடச் சொல்லாது, மீதியைப் பொழுதுதான் சொல்லும். காலை பதினொரு மணிக்கு எல்லா விடுதியும் நல்ல விடுதியே. இருப்போர் வகுப்புக்குப் போய்விட்டார்கள், தரை கழுவியாயிற்று, தொட்டி நிறைந்திருக்கிறது, வார்டன் சிரிக்கிறார். குடும்பங்கள் பார்க்க வருவதும் அந்நேரத்தில்தான்.

அரசு இவ்வளவு கவனக்குறைவாக இல்லை என்பதைப் பதிவு செய்ய வேண்டும். பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையின் கட்டணமில்லா விடுதிகளில் சேர, மாணவரின் வீட்டுக்கும் கல்வி நிலையத்துக்கும் இடையே 8 கிலோமீட்டராவது இருக்க வேண்டும். மாணவிகளுக்கு இந்தத் தூரக் கணக்கு இல்லை. இது நிலத்தை அளந்த விதி. பொழுதை அளந்த பெருமை ஜி.எஸ்.டி. கவுன்சிலுக்கு உரியது. மாத வாடகை தலைக்கு ரூ.20,000-க்கு மிகாமல், தொடர்ந்து 90 நாளேனும் தங்கினால் தனியார் விடுதிக்கு வரி இல்லை என்று 2024 ஜூனில் அது பரிந்துரைத்தது. தொல்காப்பியருக்குப் பின் பொழுதை முதற்பொருளாக மதித்தவர் வரித்துறையினரே.

3. கருப்பொருள்

கருப்பொருள் பதினான்கு என்பார் நாற்கவிராச நம்பி. விடுதிக்கும் அவை குறைவின்றிப் பொருந்துகின்றன. ஆரணங்கு, வார்டன், அரிதாகக் காட்சி தருபவர், அவுட்பாஸில் கையெழுத்திடும் அருள் உடையவர். உயர்ந்தோர், சீனியர்கள், அல்லோர், முதலாண்டினர். புள், ஏ.சி. பெட்டியின் மேல் குடும்பம் நடத்தும் புறா. பூ, குளியலறைக் கூரையில் பூப்பது. மரம், துணி காயப்போடும் கயிற்றின் ஒரு முனை. பறை, ஐந்தரைக்கு வைத்து ஏழரை வரை அறையையே எழுப்பியும் வைத்தவரை எழுப்பாத அலாரம். யாழும் பண்ணும் அடுத்த கட்டிலின் ஸ்பீக்கரில் அடங்கும். தொழில், அசைன்மென்ட்டைப் பார்த்தெழுதுதல்.

உணா மட்டும் தனியே நோக்கத்தக்கது. பல கல்லூரி விடுதிகளில் டிவைடிங் சிஸ்டம் நடைமுறையில் உள்ளது: மாதச் செலவு மொத்தத்தையும் சாப்பிட்டவர்கள் தலைக்கு வகுத்துக் கட்ட வேண்டும். வெளி மெஸ்ஸில் சாம்பார் நீர்த்தால் முதலாளியைத் திட்டலாம். டிவைடிங் சிஸ்டத்தில் நீர்த்தால், பில் குறையும் என்று அகமகிழ வேண்டும். உண்பவனே முதலாளியும் ஆகும் இந்த அத்வைத நிலை முதலாண்டினருக்கு எளிதில் விளங்காது.

4. திணைப் பாகுபாடு

குறிஞ்சி: வளாகத்துக்குள் இருக்கும் கல்லூரி விடுதி. பொழுது யாமம், ஒழுக்கம் கூடுதல். இரவு பன்னிரண்டுக்கு மேல் எந்த அறையில் வெந்நீர்க் கெட்டில் உள்ளதோ அந்த அறையில் எல்லோரும் கூடுவர். கிண்டிக் காட்டை ஒட்டிய சென்னை ஐ.ஐ.டி.யில் விலங்குக்கும் குறைவில்லை. மான் வெளியே மேயும், குரங்கு சன்னல் வழி உள்ளே வரும். அங்குள்ள விடுதிகளுக்குக் காவேரி, நர்மதா, கோதாவரி, தாமிரபரணி என்று ஆறுகளின் பெயர்கள். பெயரிட்டவர் நீரே முதல் என்று அறிந்தவர் போலும். இத்திணையில் விளையாட்டாகக் கொள்ளக் கூடாத ஒன்றும் உண்டு. தமிழகத்தில் ராகிங் தடைச் சட்டம் 1997-லேயே வந்துவிட்டது. முதலாண்டினரை இயன்றவரை தனிக் கட்டடத்தில் தங்கவைக்க வேண்டும் என்பது யு.ஜி.சி.யின் 2009-ஆம் ஆண்டு விதிமுறை. அந்தக் கட்டடம் எது என்று கேட்பது பெற்றோரின் உரிமை.

முல்லை: உறவினர் வீடு. பொழுது மாலை, ஒழுக்கம் இருத்தல். இங்கே ஆற்றியிருப்பவர் சித்தி. வாடகை இல்லை, மெஸ் பில் இல்லை, ரசம் உண்டு. ஆனால் ஆறரை மணி தாண்டினால் சித்தப்பாவின் போன் வரும்: “எங்கடே நிக்க? மணி என்ன ஆச்சு?” அன்றிரவே தென்காசியில் இருக்கும் பெற்றோருக்கு அறிக்கை போய்விடும். கட்டணமில்லாத விடுதிகளில் சி.சி.டி.வி. மிகத் துல்லியமாக வேலை செய்வது இத்திணையில்தான்.

மருதம்: பழைய மாமல்லபுரம் சாலையின் பி.ஜி. பொழுது வைகறை, விடியல், ஒழுக்கம் ஊடல். டூ ஷேரிங், த்ரீ ஷேரிங், ஃபோர் ஷேரிங் என வாடகை வகுக்கப்படும். இந்த ஷேரிங் கணக்கு கட்டிலுக்கு மட்டுமே உரியது, குளியலறைக்கு அன்று என்பது சேர்ந்த பின்னரே தெரியவரும். எட்டுப் பேருக்கு ஒரு குளியலறை என்று கொள்வோம். ஆளுக்குப் பத்து நிமிடம் எனில் எண்பது நிமிடம். முதல் ஆள் ஏழு மணிக்கு நுழைந்தால் கடைசி ஆள் எட்டு இருபதுக்கு வெளியே வருவார். கல்லூரிப் பேருந்து எட்டேகாலுக்கே போய்விட்டிருக்கும். ஆகவே வரிசையில் ஆளுக்குப் பதில் வாளி நிற்கும் வழக்கம் ஏற்பட்டது. வாளியை யாரேனும் நகர்த்தினால் தோன்றும் ஊடல், பாணனும் விறலியும் சேர்ந்து வந்தாலும் தீராது. மாணவியர் விடுதியாயின் 2014-ஆம் ஆண்டு விடுதி ஒழுங்குமுறைச் சட்டப்படி அது மாவட்ட ஆட்சியரிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். வைஃபை பாஸ்வேர்டைக் கேட்பதற்கு முன் அந்தச் சான்றைக் கேட்க வேண்டும்.

நெய்தல்: திருவல்லிக்கேணி மேன்ஷன். கடற்கரை நடை தூரம். பொழுது எற்பாடு, ஒழுக்கம் இரங்கல். வேலை தேடுவோரும் போட்டித் தேர்வுக்குப் படிப்போரும் நிறைந்த இவ்விடத்தில் பதினெட்டு வயது மாணவன், தன் எதிர்காலம் பக்கத்து அறையில் லுங்கியோடு உட்கார்ந்திருப்பதைக் காண்கிறான். ஞாயிறு மாலை வழக்கமான மெஸ்ஸில் ‘விடுமுறை’ என்ற அட்டையைக் காணும்போது இரங்கல் முழுமை பெறும்.

இவை தவிர, நண்பர் நால்வர் சேர்ந்து வீடெடுப்பது பெருந்திணை. நால்வரில் ஒருவரே பாத்திரம் தேய்ப்பது கைக்கிளை. சென்னையில் வீட்டுக்குப் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது நெடுநாள் வழக்கம். மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வாடகைச் சட்டம். இருதரப்பும் வேறாக உடன்பட்டிருந்தாலொழிய, என்றும் சேர்த்துச் சொல்கிறது. சென்னையின் வீட்டு உரிமையாளர்கள் குடியிருப்பது அந்த ‘ஒழிய’வுக்குள்தான்.

பாலை: இதற்குத் தனி நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் வறண்டு திரிந்தால் பாலை என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். சென்னை இதை மெய்ப்பித்த ஆண்டு 2019. அந்த ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறக்குறைய வற்றின. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. அவ்வேனிலில் ஏ.சி. அறைக்கும் ஏ.சி. அல்லாத அறைக்கும் வேறுபாடு அழிந்தது. லாரி வரும் விடுதி, வராத விடுதி என்ற இரண்டே சாதி எஞ்சியது. ஜூலையிலோ ஆகஸ்டிலோ சேரும் பிள்ளை கோடை தணிந்த நேரத்தைப் பார்த்துவிட்டு மே மாதத்துக்கும் சேர்த்து ஒப்பமிடுகிறது.

5. தடையும் விடையும்

‘முதலாண்டு மாணவருக்குத் தேர்வு ஏது? ஒதுக்கிய அறைதானே’ என்று தடை எழுப்புவோர் உளர். அறையும் அறைத்தோழனும் ஒதுக்கீடு என்பது உண்மை. வளாகமா, பி.ஜி.யா, சித்தி வீடா என்பது மட்டும் தேர்வுக்கு உட்பட்டது. அந்த ஒன்றையேனும் பொழுது பார்த்துச் செய்யலாம் என்பதே விடை.

‘கூகுளில் நான்கரை நட்சத்திரம் உள்ளதே’ என்பது இரண்டாம் தடை. நட்சத்திரம் தெரியும் நேரத்தில் குழாயில் நீர் வருகிறதா என்று எவரும் சோதிப்பதில்லை. எனவே அதுவும் தள்ளப்பட்டது.

6. முடிபு

ஆய்வின் பரிந்துரைகள் சுருக்கமானவை. பணம் கட்டும் முன் ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் போங்கள். மாடியின் கடைசிக் குழாயைத் திறந்து இரண்டு நிமிடம் ஓடவிடுங்கள். வாளி வரிசையை எண்ணுங்கள். மெஸ்ஸில் காசு கொடுத்து ஒரு வேளை சாப்பிடுங்கள். மே மாதம் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று வார்டனைக் கேட்காதீர்கள். மோட்டார் போடுபவரைக் கேளுங்கள். அட்வான்ஸ் எப்போது, எவ்வளவு திரும்பும் என்பதை எழுதி வாங்குங்கள். சுவரின் உயரத்தைப் பிறகு அளந்துகொள்ளலாம். அதை எப்படித் தாண்டுவது என்பதைப் பிள்ளை முதல் மாதத்திலேயே கற்றுக்கொண்டுவிடும்.