'போன ஃபாதர்' கோட்பாடு: சாந்தோம் வட்டார ஒப்பீட்டியல் குறித்து ஓர் ஆய்வு

ஞாயிறு காலைப் பூசை முடிந்து சாந்தோம் பேராலயத்தை விட்டு வெளியே வரும் கத்தோலிக்கர், ஸ்கூட்டரைக் கிளப்பும் முன்பே எதையாவது எதனோடாவது ஒப்பிட்டுவிடுவார் என்பது இவ்வாய்வின் கருதுகோள். மறுப்புச் சான்று இன்னும் அகப்படவில்லை. ஆய்வுக்களம் மயிலாப்பூரில் தொடங்கி பெசன்ட் நகர்வரை நீள்கிறது. தி. நகரில் ரங்கநாதன் தெருக் கூட்டத்துக்கு நடுவே யாரையும் நிறுத்திக் கேள்வி கேட்க முடியாததால், அப்பகுதி விலக்கப்பட்டது.

ஒப்பீடு மூவகைப்படும்: காலவழி, இடவழி, ஆள்வழி.

காலவழி ஒப்பீட்டின் மூலத்தரவு இது: "போன ஃபாதர்னா பத்தே நிமிஷத்துல பிரசங்கத்த முடிச்சிடுவாரு." பங்குத்தந்தையர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றலாகிறவர்கள் என்பதால் இத்தரவுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் போன ஃபாதர் இங்கே இருந்த காலத்தில், அவரும் அதற்கு முந்தின ஃபாதரோடு ஒப்பிடப்பட்டு மதிப்பெண் இழந்தவர்தான். மாற்றலாகிப் போன மறு ஞாயிறே தேறிவிட்டார். இப்போதைய ஃபாதரும் ஒருநாள் தேறுவார். அதற்குள் வேறொரு பங்கில், அங்கே இருந்த போன ஃபாதரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருப்பார், பாவம்.

கட்டடங்களும் தப்பவில்லை. பழமையின் கம்பீரம் என்று இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் சாந்தோம் பேராலயம், போர்த்துக்கீசியர் கட்டிய கோயிலை இடித்துவிட்டு 1896இல் எழுந்த புதுக் கட்டடம். லஸ் பிரகாச மாதா ஆலயத்தில் 1516 என்று பொறித்த கல்வெட்டு இருக்கிறது; அதன் இன்னொரு பெயர் காட்டுக் கோயில். முதல் மரம் வெட்டப்பட்ட அன்றே, "முன்ன மாதிரி இல்லீங்க" என்று யாரோ பெருமூச்சு விட்டிருப்பார் என ஆய்வாளர் ஊகிக்கிறார். இப்போது அதே பெருமூச்சை லஸ் முனையில் மெட்ரோ ரயில் பள்ளம் வாங்கிக்கொள்கிறது.

இத்துறையின் ஆதி ஆவணம் விவிலியத்தின் எண்ணிக்கை நூல், 11ஆம் அதிகாரம். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த இஸ்ரயேலர் பாலைவனத்தில் அழுகிறார்கள். எதற்காக? மீன், வெள்ளரிக்காய், கொம்மட்டி, கீரை, வெங்காயம், பூண்டு. பட்டியல் மயிலாப்பூர் மார்க்கெட்டுக்குப் போகிறவர் பையில் வைத்திருக்கும் சீட்டுப்போல் துல்லியமாக இருக்கிறது. செங்கல் அறுத்ததும் சவுக்கடி வாங்கியதும் மட்டும் அதில் விட்டுப்போயிருக்கின்றன. கண்ணெதிரே கிடந்ததோ மன்னா, கொத்துமல்லி விதை போன்றது. அதை அன்றன்றைக்குத்தான் பொறுக்க வேண்டும். மறுநாளைக்கென்று எடுத்து வைத்தால் புழுத்துவிடும் என்று விடுதலைப் பயணம் 16ஆம் அதிகாரம் எச்சரிக்கிறது. ஓய்வுநாளுக்கு முந்தைய நாள் மட்டும் விதிவிலக்கு. இன்றைய நாளைக் கடவுள் இப்படித்தான் படியளக்கிறார் போலும். நேற்றைய பூண்டு வாசனை மூக்கில் இருக்கும்வரை இன்றைய நாளின் ருசி நாக்குக்கு எட்டாது. முந்தைய நாள்கள் ஏன் மேலாக இருந்தன என்று கேட்பது ஞானமுள்ள கேள்வியல்ல என்று சபை உரையாளரும் ஏழாம் அதிகாரத்தில் கண்டித்திருக்கிறார். கேட்டவர் யார்?

இடவழி ஒப்பீட்டைப் பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணி ஆலயத்தில் காணலாம். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்குக் காவி உடுத்தி ஊர் ஊராக நடந்து வருகிறார்கள். பாதம் கொப்பளித்து, கடற்காற்று முகத்தில் அடிக்க வந்து சேர்ந்தவர் சொல்லும் முதல் வாசகம்: "என்ன இருந்தாலும் நாகப்பட்டினத்து வேளாங்கண்ணி மாதிரி வருமா?" வராதுதான். அதற்காக மாதா இந்த முகவரியில் இல்லை என்று ஆகிவிடுமா?

ஆள்வழி ஒப்பீடு எல்லாருக்கும் தெரிந்தது. எதிர்வீட்டுப் பையன் டல்லாஸில், நம் பையன் துரைப்பாக்கத்தில். இதைத் தொடங்கி வைத்தவர் சாதாரண ஆளில்லை, பேதுருவே. உயிர்த்த இயேசு கடலோரத்தில் தன்னிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே, பின்னால் வந்த சீடரைக் காட்டி, இவருடைய கதி என்ன என்று கேட்டார். அதைப் பற்றி உனக்கென்ன என்ற பொருளில் பதில் வந்ததாக யோவான் 21 சொல்கிறது. திருச்சபையின் முதல் தலைவருக்கே அந்தப் பதில் என்றால், துரைப்பாக்கத்துப் பையனின் அப்பாவுக்கு வேறு பதில் கிடைக்க வாய்ப்பில்லை.

அடுத்த கொடியேற்றத்துக்குப் பெசன்ட் நகர் போகிறவர்களிடம் ஆய்வாளருக்கு ஒரே வேண்டுகோள்: பஸ்ஸில் வாருங்கள், நடந்தும் வாருங்கள், நாகப்பட்டினத்தை மட்டும் கூட்டிக்கொண்டு வராதீர்கள். பெசன்ட் நகரில் ஏற்கெனவே நிற்க இடமில்லை.